ஸ்லோவாக்கியா மேல் ஒரு பொறாமை

மனிதர் மனிதர்மேல் பொறாமைப்படுவது உலக வழக்கம். மச்சாளின் சங்கிலி, பக்கத்து வீட்டுக்காரியின் மருமகன், கூட வேலை செய்கிறவளின் மெல்லிய இடுப்பு என்று அதற்கு ஆயிரம் காரணம் கிடைக்கும். செலஸ்ரீனாவுக்கு ஒரு முழு நாட்டின்மேல் பொறாமை வந்தது. சுவிற்சலாந்து மாதிரி ஒரு நாடு என்றால் சரி, விளங்கிக்கொள்ளலாம். இது ஸ்லோவாக்கியா. ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரக் கேட்டுப்போய், "உன்னுடைய ஜனநாயகம் இன்னும் பழுக்கவில்லை, கொஞ்சம் வெளியே நில்" என்று வாசலில் நிறுத்தப்பட்டிருந்த நாடு. அப்படிப்பட்ட ஒன்றின்மேல் போய் யாராவது வயிறு எரிவார்களா? செலஸ்ரீனா எரிந்தாள்.

தொண்ணூற்றேழாம் ஆண்டு புரட்டாதி வரைக்கும் அப்படி ஒரு நாடு இருப்பதே அவளுக்குத் தெரியாது. தெரிய வைத்தவள் கத்தரீனா. தன் நாட்டில் பள்ளிக்கூடத்தில் இத்தாலியன் படிப்பித்த ரீச்சர், அந்த வருமானத்தில் குடும்பம் ஓடாமல் இத்தாலியின் பலெர்மோவுக்கு வந்து, கால்சாவில் சின்யோரா கியாராவின் வீட்டில் ஸ்திரிக்கை போடும் வேலைக்குச் சேர்ந்தாள். இதில் வேடிக்கை என்னவென்றால், ஆள் வேண்டும் என்று கேட்டதே செலஸ்ரீனாதான். எட்டு வருடம் அந்தப் பெரிய வீட்டைத் தனியே கூட்டித் துடைத்துச் சமைத்ததில் அவளுடைய நாரி, அதுதான் இடுப்பு, விட்டுப்போயிருந்தது. ஸ்திரிக்கைக்கு மட்டும் ஒருத்தியைப் பிடியுங்கள் என்று சின்யோராவிடம் கேட்டாள். போர்கோ வெக்கியோவில் தன்னோடு ஒரே அறையில் இருக்கிற எமிலியானாவைக் கொண்டுவந்து சேர்க்கலாம் என்பது அவளுடைய எண்ணம். சின்யோரா அதற்குள் யாரோ சிநேகிதியிடம் சொல்லிவைத்து, மஞ்சள் தலைமயிரோடு ஒருத்தியைக் கொண்டுவந்து குசினியில் நிறுத்திவிட்டார்.

அவள் ஸ்திரிக்கை போட்ட சேர்ட்டைப் பார்த்தால் மாடு சப்பித் துப்பியது போல இருக்கும். அவள் அந்தப்பக்கம் போனதும் செலஸ்ரீனா எடுத்து மறுபடி போடுவாள். நாரி நோவு குறைவதற்கென்று வந்தவளால் நாரி நோவு கூடியது. அதைக்கூடப் பொறுக்கலாம். அறையைத்தான் செலஸ்ரீனாவால் பொறுக்க முடியவில்லை.

அந்த வீட்டின் மேல்மாடியில் இரண்டு அறைகள் இருந்தன. பழைய மாளிகை, கூரை ஒழுகி, நெடுங்காலம் புறாக்கள் குடியிருந்த அறைகள். இரண்டு வருடத்துக்கு முன் திருத்த வேலை தொடங்கியபோது சின்யோரா தானாகவே சொன்னார். "முடிஞ்சதும் அது உனக்குத்தான், செலஸ்ரீனா. மகளைக் கூப்பிடு." (இந்த வீட்டில் எல்லாரும் கதைத்தது இத்தாலியன், இங்கே எங்கள் பேச்சில் வருகிறது.)

மகள் றம்யாவுக்குப் பன்னிரண்டு வயது. புருசன் காய்ச்சலில் இறந்த அதே வருடம், நாலு வயதுப் பிள்ளையைப் பேசாலையில் அக்கா அகஸ்ரீனாவின் கையில் கொடுத்துவிட்டு விமானம் ஏறியவள் செலஸ்ரீனா. மன்னாரில் இருக்க முடியாமல் அக்கா குடும்பம் இப்போது கொழும்புக்குப் பக்கத்தில், வத்தளையில் வாடகைக்கு இருந்தது. "பொலிஸ் கிழமைக்கு ஒருக்கா வந்து வீட்டிலை ஆர் ஆர் இருக்கினம் எண்டு எண்ணிக்கொண்டு போறாங்கள். பெட்டை வளர்ந்திட்டாள். பகலிலையும் கதவைச் சாத்திப்போட்டுத்தான் இருக்கிறம்," என்று அக்கா எழுதியிருந்தாள். பிள்ளையைக் கூப்பிட வேண்டுமென்றால் க்வெஸ்தூராவில் பொலிஸ்காரர் முதல் கேட்பது, பிள்ளை இருக்க அறை உண்டு என்று வீட்டுக்காரர் கையெழுத்து வைத்த தாளை. நாலு பெண்கள் வரிசையாகப் படுக்கிற போர்கோ வெக்கியோ அறைக்கு அந்தத் தாளை ஒருவரும் தரமாட்டார்கள். ஆகவே செலஸ்ரீனாவுக்கு மேல்மாடி அறை என்றால் றம்யா.

ஐப்பசியில் சுவர்ப்பூச்சுக் காய்ந்தது. காய்ந்த கையோடு சின்யோரா கத்தரீனாவை அங்கே ஏற்றிவிட்டார். "ஒரு மாதத்துக்குத்தான், பாவம், போக்கிடம் இல்லை," என்றார். ஒரு மாதம் முடிந்து அடுத்ததும் முடிந்தது. கத்தரீனா யன்னலுக்குத் திரை தைத்துப் போட்டாள்.

மேசைக் கதை அதைவிட மோசம். சின்யோரா கியாரா பல்கலைக்கழகத்தில் சட்டம் படிப்பிக்கிறவர். ஐரோப்பா யாரைச் சேர்ப்பது, யாரைச் சேர்க்காமல் விடுவது என்பதுதான் அந்த வருடம் முழுவதும் அவருடைய கதை. வீட்டிலேயே ஒரு ஸ்லோவாக்கியாக்காரி ஸ்திரிக்கைப் பெட்டியோடு நிற்பதைக் கண்டதும் அவருக்குப் புதையல் கிடைத்த மாதிரி. "கத்தரீனா, நீங்கள் வந்து இருங்கோ. உங்கட நாட்டிலை நீதிமன்றம் எப்பிடி? பேப்பர்காரர் பயமில்லாமல் எழுதலாமோ?" என்று கூப்பிட்டுக் கதிரையை இழுத்துப் போடுவார். கத்தரீனா கையைத் துடைத்துவிட்டு இருப்பாள். சின்யோரா குறிப்பு எழுதுவார். செலஸ்ரீனா இருவருக்கும் கோப்பி கொண்டுபோய் வைப்பாள்.

அந்த "நீங்கள்" வேறு அவளைக் குத்தியது. செலஸ்ரீனாவுக்கு எட்டு வருடமாக "நீ"தான். அது அன்பு என்றே நினைத்திருந்தாள். வீட்டுப் பிள்ளையை வேறெப்படிக் கூப்பிடுவார்கள் என்று எமிலியானாவிடம் பெருமையாகவும் சொல்லியிருக்கிறாள். நேற்று வந்தவளுக்கு "நீங்கள்" விழுந்த அன்றுதான் அந்த அன்பில் ஒரு சந்தேகம் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்து வியா மக்வேதா தெருவால் நடந்து வருகிறபோது எமிலியானாவிடம் கொட்டினாள்.

"அவளின்ரை நாட்டிலை எதிர்க்கட்சிக்காரன் ஒருத்தன்ரை எம்.பி. கதிரையைப் பறிச்சுப்போட்டாங்களாம். அதைச் சொல்ல சின்யோரா நெஞ்சிலை கை வைக்கிறா. ஒரு கதிரையடி, எமிலியானா. எங்கட நாட்டிலை என்னென்ன பறிபோச்சு? ஒருநாளாவது கேட்டவவோ?"

"நீ சொன்னனீயோ?"

"கேட்டால்தானே சொல்ல. அவளின்ரை நாட்டை வேண்டாம் எண்டாவது சொல்லுகினம். எங்கட நாடு எண்டு ஒண்டு கிடக்குதெண்டே இவைக்கு ஞாபகமில்லை."

"முந்தி வந்த செவியைப் பிந்தி வந்த கொம்பு மறைச்சதாம்," என்று எமிலியானா சிரித்தாள். "பேசாமல் அறையைக் கேளடி. நாட்டை விடு."

புத்தியுள்ள பேச்சு. கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் பொறாமைக்குக் காது கிடையாது. செலஸ்ரீனா கேட்கவில்லை, காத்திருந்தாள். சின்யோராவாக நினைத்துக் கொடுக்கட்டும், நான் ஏன் பிச்சை கேட்பது போலக் கேட்கவேண்டும் என்று வீம்பு வேறு.

மார்கழி எட்டு, அமலோற்பவ மாதா திருநாள். சின்யோரா பத்துப் பேருக்கு மதியச் சாப்பாடு வைத்தார். வருகிற வெள்ளியும் சனியும் லக்சம்பேர்க்கில் ஐரோப்பியத் தலைவர்கள் கூடி, எந்தெந்த நாட்டோடு பேச்சைத் தொடங்குவது என்று முடிவு சொல்ல இருந்தார்கள். மேசையில் வேறு கதை இல்லை. கத்தரீனா அன்றைக்கு விருந்தாளிகளோடு, நீலச் சட்டை போட்டுக்கொண்டு இருந்தாள். செலஸ்ரீனா ஏப்ரனோடு வாளை மீனைத் துண்டுபோட்டுப் பரிமாறிக்கொண்டிருந்தாள்.

சின்யோராவின் புருசன் லொரென்சோ கட்டட எஞ்சினியர். எதையும் அளந்து பார்க்கிற மனிதர். அவர் சொன்னார்: "நீச்சல் தடாகத்திலை இறங்க முன்னம் எல்லாரும் குளிக்கத்தானே வேணும்? இறங்கின பிறகு ஒருத்தன் ஊத்தையெண்டு தெரிஞ்சால் தண்ணியை என்ன செய்யிறது? உள்ளை எடுத்திட்டால் பிறகு வெளியிலை தள்ளேலாது."

"ஸ்பெயினிலை சர்வாதிகாரி செத்துப் பத்து வருஷத்திலை எடுத்தம்," என்றார் சின்யோரா. "கிரேக்கத்திலை ராணுவ ஆட்சி போய் ஏழே வருஷம். அவை முழுசாத் திருந்திப்போட்டோ வந்தவை? உள்ளை வந்துதான் காலூண்டினவை. கத்தரீனா, நீங்கள் அந்த வாக்குச் சீட்டுக் கதையைச் சொல்லுங்கோ."

கத்தரீனா சொன்னாள். வைகாசியில் அவளுடைய நாட்டில் ஒரு வாக்கெடுப்பு வைத்தார்களாம். சனாதிபதியை மக்களே நேரே தெரிவு செய்வதா என்ற கேள்விக்குத்தான் சனம் திரண்டு போனதாம். போய்ச் சீட்டை விரித்துப் பார்த்தால் அந்தக் கேள்வியே அதில் இல்லையாம். "நான் ஒண்டும் போடாமல் திரும்பி வந்தன். வீட்டுக்கு வந்து அம்மாவோட இருந்து அழுதன்," என்றாள். மேசையில் ஒரு பெண் துவாலையால் கண்ணைத் துடைத்தார்.

கேள்வி இல்லாத சீட்டுக்கு இவ்வளவு கண்ணீர். செலஸ்ரீனாவின் ஊர்ப்பக்கத்தில் சீட்டில் கேள்வியெல்லாம் ஒழுங்காகத்தான் அச்சடித்திருந்தது. வாக்குப் போடப் போன அவளுடைய சித்தப்பாதான் திரும்பி வரவில்லை. அவளுடைய பாஸ்போட்டில் நாட்டின் பெயரிலேயே ஜனநாயகம் என்று போட்டிருக்கிறது. இதையெல்லாம் இந்த மேசையில் விரித்தால் துவாலைகள் போதாது. ஆனால் மீன் பரிமாறுகிறவளிடம் யார் கேட்கப்போகிறார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கும்போதே சின்யோரா திரும்பினார்.

"செலஸ்ரீனா, நீயும் வெளியிலையிருந்து வந்தனீதானே. நீ என்ன நினைக்கிறாய்? முதல் சேர்க்கிறதோ, முதல் திருந்துறதோ?"

எட்டு வருடத்தில் முதல் கேள்வி. பத்து முகமும் அவளைப் பார்த்தன. சித்தப்பாவைச் சொல்லியிருக்கலாம், அறையைச் சொல்லியிருக்கலாம். அவளுடைய கண் போனது நீலச் சட்டைக்கு.

"நான் ஞாயிறுகளிலை எங்கட பிள்ளையளுக்கு ஞானோபதேசம் படிப்பிக்கிறனான், சின்யோரா," என்று தொடங்கினாள். "போன வருஷம் ஒரு தாய் வந்து அழுதா. பிள்ளைக்கு ஒரு செபமும் பாடமில்லை. ஆனால் சட்டை தைச்சாச்சு, சனமும் வந்திட்டுது, முதல் நன்மையைக் குடுங்கோ, பிறகு படிப்பாள் எண்டு. பாதரும் இரங்கிக் குடுத்திட்டார். அந்தப் பிள்ளை நற்கருணை அப்பத்தைச் சப்பிப் பாத்திட்டு, இனிப்பில்லை எண்டு துப்பி, தான் இருந்த வாங்குப் பலகைக்குக் கீழை ஒட்டிவிட்டுது. அதுக்குப் பிறகு வகுப்புப் பக்கம் தலை காட்டேல்லை. ஏன் வரோணும்? கிடைக்கிறது கிடைச்சிட்டுது. படிச்சிட்டு வரட்டும். வாசல் எங்கையும் ஓடாது."

லொரென்சோ கை தட்டினார். "கியாரா, உன்ரை பல்கலைக்கழகத்திலை ஒருத்தரும் இதை இவ்வளவு தெளிவாச் சொல்லேல்லை." எல்லோரும் சிரித்தார்கள். சின்யோராவும் சிரித்து, உண்மையாகவே வியந்து, "நீ என்னையே யோசிக்க வைச்சிட்டாய்," என்றார். "வா, வந்து இரு." லொரென்சோவுக்குப் பக்கத்தில் ஒரு கதிரை வந்தது. செலஸ்ரீனா ஏப்ரனோடு இருந்து, தான் சமைத்த மீனை அந்த வீட்டு மேசையில் முதல் தடவையாகச் சாப்பிட்டாள். கத்தரீனா எழும்பி, வெறும் தட்டுகளைச் சேர்த்துக் குசினிக்குக் கொண்டுபோனாள். சும்மா சொல்லக்கூடாது, செலஸ்ரீனாவுக்கு அது தேனாக இனித்தது.

அந்த இனிப்பில் வீம்பும் கரைந்தது. இப்போது கேட்டால் சின்யோரா மறுக்கமாட்டார் என்று நம்பிக்கை வந்தது. வியாழக்கிழமை காலை, புத்தக அறையைத் துடைக்கிற சாட்டில் போய், "சின்யோரா, மேல் அறைக்கு அந்தத் தாள்... றம்யாவைக் கூப்பிட," என்று கேட்டாள்.

சின்யோரா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளை அன்பாகப் பார்த்தார்.

"உன்ரை மகளைப்பற்றி நானும் லொரென்சோவும் கதைச்சம். நீ திங்கட்கிழமை சொன்னதுதான் சரி. பன்னிரண்டு வயதுப் பிள்ளை, ஒரு சொல் இத்தாலியன் தெரியாது. வந்து வகுப்பிலை வாய் திறக்கேலாமல் இருந்தால் மனம் உடைஞ்சு போகும். அங்கை கன்னியாஸ்திரிமாரிட்டை ஒரு வருஷம், இரண்டு வருஷம் படிக்கட்டும். செலவு எங்கட. பாசையோட வரட்டும்."

"சின்யோரா, அது நாட்டுக்குச் சொன்னது. இது பிள்ளை."

"நீ சொன்ன உதாரணமே பிள்ளைதானே," என்று சின்யோரா சிரித்தார். "வாசல் எங்கையும் ஓடாது, செலஸ்ரீனா. அதுவரைக்கும் கத்தரீனா மேலை இருக்கட்டும், அறை சும்மா கிடக்கத் தேவையில்லை."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். தவளைக்காவது கத்தாமல் இருக்கத் தெரியாது. செலஸ்ரீனா யோசித்து, சொல்லுக்குச் சொல் அடுக்கி, பத்துப் பேருக்கு முன்னால் கெட்டிருந்தாள். சின்யோரா கெட்டவர் என்றால் நாலு வார்த்தை திட்டிவிட்டு ஆறலாம். அவர் உண்மையாகவே நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தார். செலஸ்ரீனா தூசித் துணியோடு குசினிக்குப் போய், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். இரண்டு வருடம். வத்தளையில் சாத்தின கதவுக்குப் பின்னால் பதினாலு வயது வரைக்கும். அந்தப் பொலிஸ்காரர் இன்னும் நூறு தடவை வந்து எண்ணிவிட்டுப் போவார்கள்.

சனிக்கிழமை புனித லூசியாள் திருநாள். அன்றைக்குப் பலெர்மோவில் பாணும் இல்லை, பாஸ்தாவும் இல்லை. ஊர் முழுக்கச் சோற்றைப் பந்தாக உருட்டிப் பொரித்து அரன்சீனே தின்னும். செலஸ்ரீனாவும் கத்தரீனாவும் குசினி மேசையில் எதிரெதிரே இருந்து, மஞ்சள் சோற்றுக்குள் இறைச்சி வைத்து உருட்டிக்கொண்டிருந்தார்கள். திங்கட்கிழமையிலிருந்து அவர்கள் தேவைக்கு மேல் ஒரு சொல் கதைக்கவில்லை. சாப்பாட்டறையில் லொரென்சோ ரீவியில் மதியச் செய்தியைப் போட்டார்.

லக்சம்பேர்க்கில் முடிவு சொல்லிவிட்டார்கள். ஆறு நாட்டோடு பேச்சுத் தொடங்குகிறது. போலந்து, ஹங்கேரி, செக், எஸ்தோனியா, ஸ்லோவேனியா, சைப்பிரஸ். ஸ்லோவாக்கியா அந்த ஆறில் இல்லை.

கத்தரீனாவின் கை நின்றது. அழுவாள் என்று செலஸ்ரீனா எதிர்பார்த்தாள். அழவில்லை.

"அடுத்த வருஷம் எங்களுக்குத் தேர்தல்," என்றாள் கத்தரீனா. "என்ரை அம்மா இப்பவே வீடு வீடாப் போய்ச் சொல்லித் திரியிறா. ஆளை மாத்துங்கோ, மாத்தினால் ஐரோப்பா எங்களைச் சேர்க்கும் எண்டு. இனிமேல் என்னத்தைச் சொல்லுவா? ஆட்சியிலை இருக்கிறவனுக்கு இதாலை ஒரு நட்டமும் இல்லை. வேண்டாமெண்டால் போங்கோ எண்டு அவன் சந்தோஷப்படுவான். அவைகள் கதவைச் சாத்தினது அவனுக்கில்லை. அம்மாவுக்கு."

பிறகு குனிந்துகொண்டே சொன்னாள்: "நீங்கள் அண்டைக்குச் சொன்னதிலும் ஞாயம் இருக்கு. அந்தப் பிள்ளையின்ரை கதை. இரவிரவா யோசிச்சனான்."

செலஸ்ரீனாவுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பாள். ஞாயம் இருக்கு என்றதும் உள்ளே ஏதோ அறுந்தது.

"அது பொய்," என்றாள்.

"எது?"

"அந்தப் பிள்ளை துப்பவும் இல்லை, ஒட்டவும் இல்லை. செபம் தெரியாமல் முதல் நன்மை எடுத்தது உண்மை. ஆனால் அதுக்குப் பிறகு ஒரு ஞாயிறும் தவறாமல் முன்வாங்கிலை வந்து இருந்து, எல்லாத்தையும் பாடமாக்கிப்போட்டுது. இப்ப மற்றப் பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுக்கிறதும் அதுதான். நான் மாத்திச் சொன்னனான்."

"ஏன்?"

"உன்ரை நாட்டிலை எனக்கு ஒரு கோபமும் இல்லை. அது எங்கை கிடக்குதெண்டே எனக்குத் தெரியாது. உன்னிலைதான் எரிச்சல். மேசையிலை உனக்குக் கதிரை. உனக்கு நீங்கள். நீ படுக்கிற அறை என்ரை பிள்ளைக்கெண்டு சின்யோரா இரண்டு வருஷத்துக்கு முன்னம் சொன்ன அறை. அண்டைக்கு நான் சொன்னதையே பிடிச்சு, பிள்ளையும் படிச்சிட்டு வரட்டும் எண்டு சொல்லிப்போட்டா." சொல்லத் தொடங்கியதும் நிறுத்த முடியவில்லை. வத்தளை, பொலிஸ், சாத்தின கதவு, அக்காவின் கடிதம், எல்லாம் ஒரே மூச்சில் வந்தது.

கத்தரீனா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அது உங்கட அறையா?" என்றாள். "என்னட்டை ஒருத்தரும் சொல்லேல்லை."

எழும்பினாள். கையில் ஒட்டிய சோற்றைக்கூடக் கழுவவில்லை. நேரே சாப்பாட்டறைக்குப் போனாள். செலஸ்ரீனா குசினியில் இருந்தபடியே எல்லாவற்றையும் கேட்டாள்; அந்த வீட்டுக் கதவுகள் அவ்வளவு தடிப்பில்லை.

"சின்யோரா, மேல் அறை செலஸ்ரீனாவின்ரை மகளுக்குச் சொன்னது எண்டு ஏன் எனக்குச் சொல்லேல்லை? நான் திங்கட்கிழமை வெளிக்கிடுறன். பிள்ளையைக் கூப்பிடுங்கோ."

"அது இல்லை, கத்தரீனா, பிள்ளைக்குப் பாசை தெரியாது. முதல்..."

"இத்தாலியனை வத்தளையிலை ஆரோட கதைச்சுப் பழகும்? இஞ்சை வந்தால்தான் வரும். நான் ரீச்சர். பின்னேரத்திலை வந்து படிப்பிக்கிறன். பயத்தோட பூட்டின வீட்டுக்குள்ளை இருக்கிற பிள்ளையைப் பாத்து, முதல் பக்குவப்படு எண்டு சொல்லுறது என்ன ஞாயம்?"

லொரென்சோ ரீவியின் சத்தத்தைக் குறைத்தார் போலும். பிறகு சின்யோராவின் குரல்.

"நீங்கள் சொல்லுறது சரி, கத்தரீனா."

அவ்வளவுதான். அடுப்பில் எண்ணெய் காய்வதற்குள் முடிந்துவிட்டது. சின்யோரா குசினிக்கு வந்து, செலஸ்ரீனாவின் கன்னத்தில் கை வைத்து, "திங்கட்கிழமை தாளை எழுதித் தாறன். கத்தரீனா எங்கட கண்ணைத் திறந்து விட்டிட்டா," என்று சொல்லிவிட்டுப் போனார். செலஸ்ரீனா நன்றி சொன்னாள். பிள்ளை வரப்போகிறாள், எட்டு வருடத்துக்குப் பிறகு பிள்ளை வரப்போகிறாள். மாதாவே என்று நெஞ்சில் சிலுவை போட்டாள். சந்தோஷத்தில் கண் கலங்கியது.

அந்தச் சந்தோஷத்துக்கு நடுவிலும் வயிறு எரிந்தது, உள்ளதைச் சொன்னால் முன்னைவிடக் கூட எரிந்தது. தன்னுடைய பிள்ளைக்குத் தான் கேட்டபோது திறக்காத கதவு, இவள் கேட்டவுடன் திறக்கிறது. அதுவும் இவளுடைய சொந்த நாட்டை உலகமே பார்க்க வேண்டாமென்று சொன்ன அதே மதியத்தில். என்ன பிறப்படா இது என்று இருந்தது. நன்றி சொல்லவேண்டிய ஆளைப் பார்த்து எரிகிறோமே என்று தன்மேலும் கோபம் வந்தது. கோபம் வந்ததால் எரிச்சல் போய்விடவில்லை.

கத்தரீனா திரும்பி வந்து கையைக் கழுவிவிட்டு, பழையபடி கதிரையில் இருந்தாள்.

"உங்கட மகளுக்கு என்ன பேர்?"

"றம்யா."

"றம்யா," என்று அவள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். முதல் தடவையிலேயே சரியாக வந்தது. செலஸ்ரீனாவுக்கு அதுவும் பொறுக்கவில்லை.

"திங்கட்கிழமை எங்கை போவாய்?" என்று கேட்டாள்.

"ஸ்ரேசனுக்குப் பக்கத்திலை ஒரு போலந்துக்காரியின்ரை அறை இருக்கு. ஏற்கெனவே அஞ்சு பேர். பாப்பம்." கொஞ்சம் சிரித்தாள். "அவளின்ரை நாடு உள்ளை போயிட்டுது. என்னையும் சேர்க்கிறாளோ தெரியாது."

செலஸ்ரீனா ஒரு உருண்டையை எண்ணெயில் விட்டாள். இன்னொன்றை விட்டாள். இரண்டும் பொன்நிறமாகும் வரைக்கும் கரண்டியால் திருப்பிக்கொண்டு நின்றாள். போகட்டும் என்று உள்ளே ஒன்று சொன்னது. இரண்டு அறையும் உனக்கும் பிள்ளைக்கும்தான், இனி அந்த நீலச் சட்டையைக் காணத் தேவையில்லை. அது மிகவும் நியாயமாகக் கதைத்தது.

"மேலை இரண்டு அறை இருக்கு," என்றாள் கடைசியில், சட்டியைப் பார்த்துக்கொண்டே. "எனக்கும் பிள்ளைக்கும் ஒண்டு காணும். நீ மற்றதிலை இரு."

கத்தரீனா உருட்டிய சோற்றைத் தட்டில் வைத்தாள். "உங்களுக்கு என்னிலை எரிச்சல் எண்டு இப்பத்தானே சொன்னீங்கள்," என்றாள்.

"ஓம்," என்றாள் செலஸ்ரீனா. "இன்னும் இருக்கு. அது போக நாள் எடுக்கும். நீ இப்பவே இரு."